குன்னூர் பழைய வீடு: கணப்பு மூட்டினால் புகை அறைக்குள் வருகிறது, சிம்னி செங்கல் உதிர்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி: ஓட்டுவீடு_குன்னூர்

செங்கல், சுண்ணாம்புக் கலவையில் கட்டிய பழைய வீடு. மங்களூர் ஓட்டுக் கூரை, சாய்வு சுமார் 30 டிகிரி. ஹாலில் ஒரு விறகுக் கணப்பு. அளந்து பார்த்ததில் கிடைத்தவை:

கணப்பின் வாய் 105 செ.மீ அகலம், 85 செ.மீ உயரம். புகைக்குழல் உள்ளளவு 23 × 23 செ.மீ. அடித்தளத்திலிருந்து சிம்னி உச்சி வரை ஏறத்தாழ 5.5 மீட்டர். சிம்னியின் வெளியளவு 69 × 69 செ.மீ, அதாவது சுற்றிலும் 9 அங்குலச் சுவர். கூரைக்கு மேலே தெரிவது 90 செ.மீ. முகடு அங்கிருந்து கிடையாக 1.8 மீட்டர் தள்ளி இருக்கிறது.

பிரச்சினைகள் மூன்று. மூட்டிய பத்தாவது நிமிடத்திலேயே லிண்டலுக்கு (கணப்பு வாய்க்கு மேலே சுவரைத் தாங்கும் உத்திரம்) அடியிலிருந்து புகை அறைக்குள் சுருண்டு வருகிறது. மேலே ஆறு வரிசைச் செங்கலில் கலவை ஆணியால் கீறினாலே மாவாகக் கொட்டுகிறது, சிம்னியும் தென்மேற்காக லேசாகச் சாய்ந்திருக்கிறது (தூக்குக்குண்டு விட்டால் 90 செ.மீ உயரத்துக்கு 2.5 செ.மீ). ஹால் சுவரில் கணப்புக்கு மேலே பழுப்புத் திட்டு. புட்டி வைத்து பெயிண்ட் அடித்தும் திரும்ப வருகிறது.

வந்து பார்த்த ஒப்பந்தக்காரர் சொன்னது: முழுக்க சிமெண்டு பாயிண்டிங் (செங்கல் இணைப்புகளில் புதுக் கலவை அடைப்பது), அடிப்பகுதியில் தார் பூச்சு, உச்சியில் எக்ஸாஸ்ட் ஃபேன், உள்ளே புதுப் புட்டி. இது சரியான வழியா?

---

பதில்: இழுவைக்கணக்கு

ஃபேனை மறந்துவிடுங்கள். நீங்கள் கொடுத்த அளவிலேயே விடை இருக்கிறது.

105 × 85 = 8,925 சதுர செ.மீ. குழல் 23 × 23 = 529. குழலை விட வாய் கிட்டத்தட்ட 17 மடங்கு பெரிது. திறந்த கணப்புக்குப் பொதுவான விதி, சதுரக் குழலென்றால் வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது குழல் இருக்க வேண்டும். வட்டக் குழலுக்குப் பன்னிரண்டில் ஒன்று போதும். சிம்னி 4.6 மீட்டருக்கும் (15 அடி) குட்டையென்றால் எட்டில் ஒன்று. உங்களுடையது 5.5 மீட்டர், ஆகவே பத்தில் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் இந்தக் குழல் தாங்கும் வாய் 5,290 சதுர செ.மீ மட்டுமே.

காரணம் இதுதான். புகை வெளியே கசியாமல் இருக்க, வாயின் முழுப் பரப்பிலும் நொடிக்கு சுமார் 25 செ.மீ வேகத்தில் அறைக் காற்று உள்நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும். 8,925 சதுர செ.மீ வாய்க்கு அது மணிக்கு 800 கன மீட்டர். 9 அங்குலக் குழலில் அவ்வளவு ஏறாது. இதில் இன்னொரு கோளாறும் சேர்கிறது. வாய் பெரிதாக இருந்தால் நெருப்பைத் தொடாத குளிர்ந்த காற்றும் கூடவே குழலுக்குள் போகும், குழல் சூடேறாது, சூடேறாவிட்டால் இழுவையும் (புகையை மேலே இழுக்கும் விசை) இருக்காது. 5.5 மீட்டர் குழலில் வெளியே 10 டிகிரி, உள்ளே 150 டிகிரி என்றால் குன்னூர் உயரத்தில் இழுவை சுமார் 18 பாஸ்கல். உள்ளே 60 டிகிரிதான் என்றால் 8 பாஸ்கலுக்கு இறங்கிவிடும். 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். சமவெளிக் கணக்கைவிட இழுவையும் அதே அளவுக்குக் குறைச்சல். மலையில் கணப்பு கட்டுகிறவர்கள் பலரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

9 × 9 அங்குலம் என்பது இங்கிலாந்து வீடுகளில் சின்ன நிலக்கரித் தட்டுக்கு வைத்த வழக்கமான குழல் அளவு. கணப்பின் இரு பக்கச் சுவரையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். செங்கல் வெட்டிய முகமோ, லிண்டலுக்குக் கீழே வேறு நிறக் கலவையோ தெரிந்தால், வாய் முதலில் சின்னதாக இருந்து பின்னால் யாரோ இடித்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதையும் இடிப்பதற்கு முன் ஒரு சோதனை. 110 செ.மீ நீளம், 30 செ.மீ அகலத்தில் ஒரு தகரத் துண்டு எடுங்கள். கணப்பு நன்றாக எரியும்போது அதை லிண்டலோடு ஒட்டிப் பிடித்து, அங்குலம் அங்குலமாகக் கீழே இறக்குங்கள். கனமான தோல் கையுறை அவசியம். எந்த இடத்தில் புகை நிற்கிறதோ அங்கே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். இதை இரண்டு முறை செய்ய வேண்டும்: ஒருமுறை எல்லா ஜன்னலும் மூடி, ஒருமுறை ஹால் ஜன்னல் நாலு விரல் திறந்து. ஜன்னல் திறந்ததும் புகை நின்றால் குறை சிம்னியில் மட்டும் இல்லை, வீட்டுக்குள் காற்று வரவும் வழியில்லை.

சமையலறையில் மின்சார சிம்னி இருக்கிறதா? அதன் பெட்டியில் மணிக்கு 1,000, 1,200 கன மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அது ஓடும்போது வீட்டுக்குள் அழுத்தம் குறைந்து, கணப்பின் குழல் வழியாகவே வெளிக்காற்று கீழே இறங்கும், புகையையும் கூட இழுத்துக்கொண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது. சோதனையின்போதும் அதை அணைத்து வையுங்கள்.

---

பதில்: சுண்ணாம்புக்காரை

புகைக் கணக்கை மேலே சொல்லிவிட்டார். நான் செங்கல் வேலையை மட்டும் பேசுகிறேன்.

சிமெண்டு பாயிண்டிங் வேண்டவே வேண்டாம். பழைய செங்கல் மெத்து, சுண்ணாம்புக் கலவையும் மெத்து. உள்ளே போன ஈரம் இணைப்பு வழியாகத்தான் வெளியே வரும். அந்த இணைப்பை 1:3 சிமெண்டால் அடைத்தால் ஈரம் செங்கல் முகத்தின் வழியாக வெளியேறப் பார்க்கும். உப்பு அங்கேயே படிகமாகி, செங்கலின் முன்தோல் பட்டை பட்டையாக உரிந்து விழும். சிமெண்டுக் கோடு மட்டும் கம்பீரமாக நிற்க, நடுவில் செங்கல் குழிந்துபோன சுவர்களை மலையில் நிறையப் பார்க்கலாம்.

சாய்வுக்கும் காரணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை அடிக்கிற பக்கம் நீண்ட நாள் ஈரமாக இருக்கும். செங்கலிலும் புகைக்கரியிலும் உள்ள சல்பேட்டு அந்த ஈரத்தில் கலவையோடு வினைபுரிந்து கலவையை ஊதச் செய்யும். ஈரப் பக்கம் உயரும், சிம்னி எதிர்ப்பக்கம் சாயும். உங்களுடையது தென்மேற்காகச் சாய்ந்திருப்பது இதோடு ஒத்துப்போகிறது. 100 மி.மீ உயரத்துக்கு 1 மி.மீ சாய்வு வரை விட்டுவிடலாம் என்பது நடைமுறை வரம்பு. உங்களுக்கு 90 செ.மீக்கு 9 மி.மீ வரை பொறுக்கலாம், இருப்பதோ 25. மேல்பகுதியைப் பிரித்துக் கட்டுவதுதான் வழி, பாயிண்டிங் இதை நிமிர்த்தாது. ஆறு வரிசையை எடுத்ததும் மிச்சமுள்ளதற்கு மறுபடி தூக்குக்குண்டு விடுங்கள். அதுவும் சாய்ந்திருந்தால் கெட்டியான வரிசை வரும்வரை இறங்க வேண்டும்.

பிரிக்கிறபோதே உயரத்தையும் சரிசெய்துவிடுங்கள். சிம்னி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி உயரம் என்பது விதி. 30 டிகிரி சாய்வில் 1.8 மீட்டர் தள்ளி இருக்கும் முகடு 1.04 மீட்டர் உயரத்தில் வரும். உங்கள் சிம்னி 90 செ.மீதான், முகட்டைவிட 14 செ.மீ தாழ்வு. முகட்டைத் தாண்டி வரும் காற்று நேராகக் குழலுக்குள் குத்தும். 1.04 + 0.6, ஆக 1.65 மீட்டர் வேண்டும். கீழே 45 செ.மீ பழையதை வைத்துக்கொண்டால் புதுக்கட்டு 1.2 மீட்டர். தாங்குமா என்று கேட்பீர்கள்: கூரைக்கு மேல் உயரம், குறுகிய பக்க அகலத்தைப்போல் 4.5 மடங்குக்குள் இருந்தால் போதும். 69 செ.மீ அகலத்துக்கு 3.1 மீட்டர் வரை போகலாம்.

பொருள் கணக்கு. 9 அங்குலச் சுவரில் 1.2 மீட்டர் என்பது அரை கன மீட்டர் கட்டு. செங்கல் 250, சேதாரத்தோடு 280. கலவை சிமெண்டு 1, சுண்ணாம்பு 1, மணல் 6. இதற்கு சிமெண்டு 36 கிலோ, அதாவது ஒரு மூட்டைகூட முழுசாகத் தீராது. சுண்ணாம்பும் சிமெண்டு அளவே கன அளவில். மணல் ஐந்தரை கன அடி. கொத்தனார் நாலு மூட்டை சிமெண்டு கேட்டால் அவர் மனதில் வேறு கலவை இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். கீழே விட்டுவைக்கும் பழைய கட்டுக்கு பாயிண்டிங் செய்யும்போது இன்னும் மெத்தான 1:2:9 போதும், இல்லையென்றால் என்.எச்.எல். 3.5 (ஈரத்திலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு) ஒன்றுக்கு மணல் மூன்று. பழைய இணைப்பை 25 மி.மீ ஆழம் உளியால் சுரண்டி, தூசி போகத் தண்ணீர் தெளித்து, பிறகு அடைக்க வேண்டும். கிரைண்டர் கொண்டுவந்தால் அனுப்பிவிடுங்கள், செங்கல் ஓரத்தை அறுத்துவிடுவார்கள். ஈரச் சாக்கு போட்டு ஏழு நாள் காயாமல் வைக்கணும்.

மழைக் காலத்தில் இதைத் தொடாதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல நேரம். ஏணியில் செய்கிற வேலையும் இல்லை. தரையிலிருந்து சாரம் கட்டி, ஓட்டின் மேல் படுக்கைப் பலகை போட்டுத்தான் ஏற வேண்டும். மேலே உடைக்கும்போது கீழே கணப்பு வாயை நனைத்த சாக்கால் அடைத்துவிடுங்கள். ஹால் முழுக்கக் கரி அப்பிக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு.

உச்சியில் வெறும் கலவையைக் குவித்துப் பூசிவிடுவதுதான் வழக்கம், இரண்டு மழையில் வெடிக்கும். எம்20 கான்கிரீட்டில் 81 செ.மீ சதுர ஸ்லாப் போடுங்கள்: சுற்றிலும் 6 செ.மீ வெளியே நீட்டி, ஓரத்தில் 75 மி.மீ கனம், குழல் ஓரத்தில் 110 மி.மீ, 8 மி.மீ கம்பி 15 செ.மீ இடைவெளியில். நீட்டிய அடிப்பகுதியில் ஓரத்திலிருந்து 25 மி.மீ உள்ளே தள்ளி, 10 மி.மீ அகலத்தில் நீர்வடி பள்ளம் விடணும். இது இல்லையென்றால் தண்ணீர் ஸ்லாப்பின் அடியிலேயே ஊர்ந்து வந்து செங்கலுக்குள் இறங்கும், நீட்டியதே வீண். ஸ்லாப்புக்கும் செங்கலுக்கும் நடுவே தார் ஃபெல்ட் ஒரு அடுக்கு போட்டால் இரண்டும் தனித்தனியாக அசையும், வெடிப்பு வராது. எடை 130 கிலோ வரும். தரையில் வார்த்து ஏற்ற நினைக்காமல் மேலேயே வார்த்துவிடுங்கள்.

---

பதில்: ஈரம்_பார்ப்பவர்

பழுப்புத் திட்டுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. புட்டி எதற்கும் மருந்தில்லை.

மழை பெய்த சில மணி நேரத்துக்குள் திட்டு நனைந்து, மழை விட்டதும் காய்ந்தால் கூரை இணைப்போ மேல் ஸ்லாப்போ ஒழுகுகிறது. மழையே இல்லாமல் பனிமூட்டம் இறங்கும் நாட்களில் மட்டும் கருத்துக் கசிந்தால், அது பூச்சில் இறங்கிய உப்பு. காற்றில் உள்ள ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. கணப்பு எரித்த மறுநாள் திட்டு பளபளப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று, புகை நெடியோடு இருந்தால் குழலுக்குள் குளிர்ந்து திரவமான புகைத்தார் சுவரைத் தாண்டி வருகிறது.

உங்களுக்குக் குறைந்தது இரண்டாவது நிச்சயம் இருக்கும் என்பது என் கணிப்பு. பழைய சிம்னியில் உப்பு இல்லாமல் இருக்காது. ஒழுகலை நிறுத்தின பிறகு திட்டின் விளிம்பைத் தாண்டி 30 செ.மீ வரை பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டு, குறைந்தது ஒரு கோடை காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை. ஜிப்சம் பூச்சும் அக்ரிலிக் புட்டியும் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கூரை இணைப்பில் தார் பூசுவது ஒரு மழைக்குத்தான் தாங்கும். கூரை மரம் ஈரத்தில் ஊதிக் காய்வில் சுருங்கும், சிம்னி அசையாது. நடுவில் ஒட்டிய எதுவும் கிழியும். ஆகவே தகடு இரண்டு துண்டாக இருக்கணும். கீழ்த் தகடு ஓட்டுக்கு அடியில் 15 செ.மீ போய், சிம்னி மேல் 15 செ.மீ ஏறி நிற்கும், சிம்னியில் ஆணி அடிக்கக் கூடாது. மேல் தகடு செங்கல் இணைப்பில் 25 மி.மீ உள்ளே செருகி மடித்து, கீழ்த் தகட்டின் மேல் குறைந்தது 8 செ.மீ மறைத்துத் தொங்கும். பக்கவாட்டில் படிப்படியாக, ஒவ்வொரு ஓட்டு வரிசைக்கும் ஒரு துண்டு. 0.8 மி.மீ அலுமினியம் போதும். ஆனால் ஈரமான சுண்ணாம்பும் சிமெண்டும் அலுமினியத்தை அரிக்கும், செருகுகிற பகுதிக்கு பிட்டுமன் பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

சிம்னியின் மேட்டுப்பக்கத்தில் ஓடி வரும் தண்ணீர் முட்டி நிற்கும். 76 செ.மீக்கு மேல் அகலமான சிம்னிக்கு அங்கே இருபக்கமும் சரிந்த ஒரு சின்னக் கூரை கட்டாயம் என்பார்கள். உங்களுடையது 69 தான். இருந்தாலும் குன்னூர் நவம்பர் மழைக்குப் போட்டுவிடுவதே நல்லது.

இன்னொன்று முக்கியம், மச்சுக்குள் ஏறி டார்ச் அடித்துப் பாருங்கள். கைமரமோ உத்திரமோ சிம்னிச் சுவரைத் தொட்டிருந்தால், அல்லது சுவருக்குள்ளேயே செருகியிருந்தால், ஆண்டுக்கணக்கில் சூடு பட்டுக் கருகியிருக்கும். மரத்துக்கும் சிம்னிக்கும் 5 செ.மீ இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் தெர்மாகோல் அடைக்கிறார்கள் சிலர், நெருப்புக்கு விருந்து வைப்பது அதுதான்.

---

பதில்: மூடிய_அடுப்பு

மூவரும் திறந்த கணப்பைக் காப்பாற்றப் பார்க்கிறீர்கள். கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகடுப்பு வைத்து, குழலுக்குள் 150 மி.மீ துருப்பிடிக்காத எஃகுக் குழாய் இறக்கிவிட்டால் எல்லாத் தொல்லையும் ஒரே அடியில் போகும். திறந்த கணப்பில் விறகின் சூட்டில் பெரும்பகுதி சிம்னி வழியாகவே போகிறது. மூடிய அடுப்பில் எழுபது சதவீதம் அறைக்கு வரும். எஸ்.எஸ். 316 குழாய், சுற்றிலும் தளர்வான வெர்மிகுலைட், மேலே தட்டு மூடி. முடிந்தது.

---

பதில்: இழுவைக்கணக்கு

மூடிய அடுப்புக்கு அது சரியான வழி, மறுப்பில்லை. தினமும் எரிக்கிற வீடென்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: எஃகுக் குழாய் போட்டுவிட்டு வாயைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 23 செ.மீ குழலில் அதிகபட்சம் 200 மி.மீ குழாய்தான் இறங்கும், பரப்பு 314 சதுர செ.மீ. பன்னிரண்டால் பெருக்கினால் வாய் 3,770க்கு மேல் இருக்கக் கூடாது. இப்போதைய வாயில் பாதிக்கும் குறைவு.

திறந்த கணப்புதான் வேண்டும், எப்போதாவது எரிக்கிறோம் என்றால் 9 அங்குலச் சுவர் உள்குழாய் இல்லாமலும் போதும், புகைச் சோதனையில் தேறினால். 20 செ.மீக்கு மேல் கெட்டியான சுவர் உள்ள குழலுக்கு அது ஏற்கத்தக்கது. சோதனை எளிது: கணப்பில் ஈர வைக்கோல் போட்டுப் புகை மூட்டி, சிம்னி உச்சியை ஈரச் சாக்கால் மூடி, ஒருவர் மச்சில் இருந்து பார்க்கணும். எங்கே புகை கசிகிறதோ அங்கே கலவை போயிருக்கிறது. அந்தக் காலத்தில் குழலின் உள்பக்கம் சுண்ணாம்பும் சாணியும் கலந்து பூசினார்கள். அந்தப் பூச்சு உதிர்ந்து போயிருந்தால் கசிவு வரத்தான் செய்யும்.

சோதனைக்கு முன் குழலைச் சுத்தம் செய்யுங்கள். 23 செ.மீ சதுரக் கம்பி பிரஷ், திருகிச் சேர்க்கும் கழிகள், கீழிருந்து மேலாக. தூளாக வரும் கரி பிரச்சினையில்லை. கண்ணாடி மாதிரி பளபளத்துக் கெட்டியாக ஒட்டியிருக்கும் தார் பிரஷுக்கு அசையாது; அதுதான் தீப்பிடிக்கும், பிடித்தால் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். சங்கிலி சுழற்றி எடுக்கத் தெரிந்தவரிடம் விடுங்கள். குழலுக்குள் தேன்கூடு இருந்தால் தீமூட்டி விரட்டக் கூடாது. மெழுகு உருகி வழிந்து குழலே பற்றிக்கொள்ளும்.

---

ஓட்டுவீடு_குன்னூர்

எல்லோருக்கும் நன்றி. தகரச் சோதனை செய்தாயிற்று. சமையலறை சிம்னி அணைத்து, ஜன்னல் மூடிய நிலையில் தகரம் 22 செ.மீ இறங்கியதும் புகை நின்றது. ஜன்னல் திறந்தால் 19 செ.மீ. மச்சில் ஒரு கைமரம் சிம்னியைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, கருகலில்லை. எப்போதாவதுதான் எரிப்போம், ஆகவே திறந்த கணப்பே போதும். 22 செ.மீ உயரத்துக்கு ஒரு தகடு மாட்டினால் முடிந்ததா? எரிப்பது பெரும்பாலும் சீகை (வேட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்).

---

பதில்: இழுவைக்கணக்கு

22 செ.மீ இறக்கினால் 105 × 63 = 6,615. குழலைப்போல் பன்னிரண்டரை மடங்கு. காற்றில்லாத நாளில் உலர் விறகில் நிற்கும், பனி இறங்கிய மாலையில் மறுபடி அறைக்குள் வரும். பத்து மடங்குக்குக் கொண்டுவாருங்கள். 80 × 66 = 5,280, சரியாகப் பொருந்துகிறது. அகலத்தையும் குறைப்பதால் பார்க்கவும் லட்சணமாக இருக்கும், வெறும் தகடு தொங்கினால் கடைக் கதவு மாதிரி தெரியும்.

பக்கச் சுவர்களை நேராக எழுப்பாமல் சரித்துக் கட்டுங்கள்: முன்னால் 80 செ.மீ, பின்சுவர் 50 செ.மீ, ஆழம் 40 செ.மீ. கணப்புகளை ஆராய்ந்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு 1796இல் எழுதிய வடிவத்தை ஒட்டியதுதான் இது. சரிந்த சுவர் சூட்டை அறைப் பக்கம் திருப்பும். கழுத்து (வாய்க்கு மேலே புகை குழலுக்குள் நுழையும் குறுகிய இடம்) லிண்டலின் அடிமட்டத்திலிருந்து குறைந்தது 20 செ.மீ மேலே இருக்கணும், ஆழம் 10 செ.மீக்குக் குறையக் கூடாது. கழுத்துக்கு மேலே செங்கல் படிப்படியாக உள்வாங்கியிருந்தால், அந்தப் படிகளை நெருப்புத் தாங்கும் கலவையால் வழுவழுப்பாகப் பூசுங்கள். ஒவ்வொரு படியும் புகையைச் சுழற்றித் திருப்பும்.

இதற்கு 230 × 115 × 75 மி.மீ ஃபயர் பிரிக் 75 போதும், வெட்டுச் சேதாரம் சேர்த்து. ஐ.எஸ். 6 அல்லது ஐ.எஸ். 8 (இந்தியத் தரக் குறியீடு) தரம் கேளுங்கள். இணைப்பு 3 மி.மீக்கு மேல் கூடாது. கலவை 25 கிலோ ஒரு பை வாங்கினால் மிஞ்சும். கடையில் கொடுக்கிற சாதா ஃபயர்கிளே கலவை உலைச் சூட்டில்தான் இறுகும், கணப்பில் கடைசிவரை மாவாகவே இருக்கும். 'ஏர் செட்டிங்' என்று கேட்டு வாங்குங்கள். சிமெண்டு கலந்து ஒப்பேற்றினால் நானூறு டிகிரிக்கு மேல் அது பொடிந்துவிடும்.

---

பதில்: சுண்ணாம்புக்காரை

புது லிண்டலுக்கு 75 × 75 × 8 மி.மீ எல் ஆங்கிள், இரு பக்கமும் 10 செ.மீ சுவரில் அமர வேண்டும். முனைகளைக் கலவையால் இறுக்கிவிடாமல் 6 மி.மீ இடம்விட்டு கயோவூல் (சூடு தாங்கும் பீங்கான் பஞ்சு) அடையுங்கள். இரும்பு சூட்டில் நீளும், இடமில்லையென்றால் மூலையில் செங்கலைப் பிளக்கும். கட்டி முடித்து மூன்று வாரம் காயவிட்டு, முதல் நாலைந்து முறை சுள்ளி நெருப்பு மட்டும்.

கைமரத்தை இப்போதே அறுத்து, குறுக்குச் சட்டம் கொடுத்து 5 செ.மீ தள்ளிவிடுங்கள். கருகவில்லை என்பதால் விட்டுவைக்க வேண்டாம்.

---

பதில்: ஈரம்_பார்ப்பவர்

விறகைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கற்பூர மரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தால் கோடாலி இறங்காது. மேலே கூரை, பக்கம் திறந்த கொட்டகையில் அடுக்கி ஒரு வருடம். ஈரமானியில் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எரிக்கலாம். அளக்கும்போது கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளிமுகம் பொய் சொல்லும். பச்சை விறகின் சூடு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், குழல் குளிரும், தார் படியும். நீங்கள் அளந்த அளவெல்லாம் பச்சை விறகில் வேலை செய்யாது.

உச்சிக் குடைக்கு (சிம்னி உச்சியில் வைக்கும் வலை வைத்த மூடி) எஸ்.எஸ். 304. வலையின் கண் 12 முதல் 19 மி.மீக்குள்; அதைவிடச் சின்னதென்றால் ஒரு பருவத்தில் கரி அடைத்துவிடும், பெரிதென்றால் மைனா புகும். வலையின் திறந்த பரப்பு குழலைப்போல் நாலு மடங்கு, உங்களுக்கு 2,116 சதுர செ.மீ. 30 செ.மீ சதுரக் கூண்டென்றால் வலைக் கம்பி மறைப்பையும் சேர்த்து 25 செ.மீ உயரம் வேண்டும். தட்டையாக மூடி மாதிரி கவிழ்த்துவிட்டுப் போகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஹாலில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று, கணப்பிலிருந்து 1 முதல் 3 மீட்டர் தள்ளி, கூரைக்குப் பக்கமாக. தணல் முழுக்க அணைந்து சாம்பலாகும் வரை டேம்பரை (குழலை அடைக்கும் தகடு) மூடக் கூடாது. சுடர் அடங்கிய தணலில்தான் அந்த வாயு அதிகம் வரும், வாசனையும் இருக்காது.